கடலோரப் பேரூராட்சி டெண்டர்: "சூழலுக்கு உகந்தது" என்பதை எந்த வாசகத்தில் எழுதுவது?

தென்கடல் (கேள்வி)

வணக்கம். ராமநாதபுரம் கரையில், மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ள ஒரு பேரூராட்சிக்கு மூன்று கொள்முதல் மதிப்பீட்டு நிலையில் நிற்கிறது. முதலாவது 140 எல்.இ.டி. தெருவிளக்கு. இதில் 32 கடற்கரைச் சாலையில், அலை ஏறும் மணலுக்கு 100 மீட்டருக்குள் வருகிறது. இரண்டாவது, வீடு வீடாகக் குப்பை எடுக்க 6 பேட்டரி வண்டி. மூன்றாவது, ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்துக்கான தட்டு, டம்ளர், பிரசாதப் பை வகையறா.

"சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களையே வாங்குவது" என்று மன்றத் தீர்மானம் இருக்கிறது. தீர்மானத்தில் எழுதுவது சுலபம். விலை உறை திறக்கும்போது நிற்கிற மாதிரி டெண்டரில் எப்படி எழுதுவது? எல்-1-க்குத்தான், அதாவது குறைந்த விலை கேட்டவருக்குத்தான், கொடுக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வராதா? தணிக்கையில் தடை எழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? வாசகமாகவே சொன்னால் நல்லது.

கணக்குப்பிள்ளை

விதி குறுக்கே வராது சார். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 10-ஆம் பிரிவை நிதானமாகப் படியுங்கள். விலைத்தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிய, அளந்து சொல்லக்கூடிய காரணிகளை வைத்துப் பார்த்துக் குறைந்தது எதுவோ அதை ஏற்கச் சொல்கிறது. முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும். இரண்டும் இருந்தால் மின்செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்கலாம்.

"சூழலுக்கு உகந்தது", "உயர் தரமானது" மாதிரிச் சொற்களை டெண்டரில் வைக்கவே வேண்டாம். அளக்க முடியாத சொல்லை வைத்து ஒருவரை நிராகரித்தால் மேல்முறையீட்டில் நிற்காது. வாட், லூமென் (விளக்கு தருகிற ஒளியின் அளவு), மைக்ரான், மணி நேரம், இந்தியத் தர நிர்ணய எண் என்று எழுதுங்கள். கம்பெனிப் பெயர் கூடாது.

விளக்குக்கு இரண்டு உறை முறை வையுங்கள். சோதனைச் சான்றுகள் தொழில்நுட்ப உறையில். தேறியவர்களுக்கு மட்டும் விலை உறை திறந்து, மதிப்பீட்டு விலையை இப்படிக் கணக்கிடலாம்:

மதிப்பீட்டு விலை = கேட்ட விலை + (விளக்கின் மொத்த வாட் × ஒரு வாட்டுக்கான மின்செலவு)

இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 4,015 மணி. யூனிட் 8 ரூபாய், 7 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 225 ரூபாய் வரும். (8 ரூபாய் உதாரணத்துக்கு. உங்கள் மின் ரசீதில் உள்ள விலையைப் போடுங்கள்.)

இரண்டுமே 5,200 லூமென் தருகிற விளக்கு. முதலாவது 60 வாட், விலை 3,200. இரண்டாவது 40 வாட், விலை 6,400. விலைத்தாளில் இரண்டாவது இரு மடங்கு. கூட்டிப் பாருங்கள்: முதலாவது 3,200 + 13,490 = 16,690. இரண்டாவது 6,400 + 8,994 = 15,394. எல்-1 மாறிவிட்டது.

ஏழாம் ஆண்டில் மிச்சமாகிற ரூபாயை இன்றைய ரூபாயோடு நேராகக் கூட்டலாமா என்று தணிக்கைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். 8 சதவீதத் தள்ளுபடியில் 7 ஆண்டுக் காரணி 5.206. அதன்படி ஒரு வாட்டுக்கு 167 ரூபாய்தான். முதலாவது 13,233, இரண்டாவது 13,089. அப்போதும் இரண்டாவதுதான், ஆனால் 144 ரூபாய் வித்தியாசத்தில். ஆகவே எந்தக் காரணி, எந்த மின்விலை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும். உறை திறந்த பிறகு எடுக்கிற முடிவாக இருந்தால் யாருக்கோ சாதகம் என்ற பேச்சு வரும்.

இன்னொன்று. 2 கோடி வரை உள்ள டெண்டருக்குக் குறைந்தபட்ச அவகாசம் 15 நாள். குறைந்தபட்சம்தானே தவிர அதுவே கணக்கில்லை. உப்புச் சோதனைச் சான்று கேட்டுவிட்டு 15 நாளில் மூடினால், சான்று ஏற்கெனவே கையில் வைத்திருக்கிற ஒருவர் மட்டும்தான் வருவார். ஆளைப் பார்த்து எழுதிய டெண்டர் மாதிரி ஆகிவிடும். அவகாசத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

உப்பளத்தான்

கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கு ஏழு வருடமும் விளக்கு எரிந்தால்தான் செல்லும். நம் கரையில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் கடற்கரைச் சாலைக் கம்பத்தைக் கையால் தடவினால் உப்பு பொருபொருவென்று வரும். மதுரைக்கு எழுதிய விவரக்குறிப்பை இங்கே நகல் எடுத்தால் இரண்டு மூன்று வருடத்தில் கூடு பொரிந்துவிடும். அப்புறம் எத்தனை வாட் மிச்சம் பிடித்து என்ன?

விளக்கில் முதலில் சாவது எல்.இ.டி. சில்லு கிடையாது. திருகு, கேபிள் நுழையும் கிளாண்டு, டிரைவர் (சில்லுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பெட்டி), இந்த வரிசையில்தான் போகும். அதனால் இவற்றைத்தான் இறுக்கி எழுத வேண்டும்.

கூடு: அழுத்த வார்ப்பு அலுமினியம் என்று மட்டும் போடாதீர்கள். ஏ.டி.சி. 12, எல்.எம். 24 என்ற அலுமினியக் கலவை வகைகளில் செம்பு 1.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். உப்புக்காற்றில் அரிப்பு அங்கேதான் தொடங்கும். "செம்பு 0.1 சதவீதத்துக்கு மிகாத எல்.எம். 6 அல்லது சமமானது" என்று எழுதி, உலோகக் கலவைச் சான்று கேளுங்கள். மேல்பூச்சு பாலியஸ்டர் பவுடர், 60 முதல் 80 மைக்ரான்.

திருகு: எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு வகை). ஆனால் அலுமினியத்தில் எஸ்.எஸ். திருகு நேராக உட்கார்ந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும். திருகைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தால் அதுதான். நைலான் வாஷரும், திருகு இழையில் பூசும் பசையும் கட்டாயம் என்று ஒரு வரி சேருங்கள். சில ரூபாய்ச் சாமான். அது இல்லாமல் போனால் மூன்றாம் வருடம் மூடியைத் திறக்க முடியாது, டிரைவர் மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் முழு விளக்கையும் குப்பையில் போட வேண்டியிருக்கும்.

உப்புத் தெளிப்புச் சோதனை: 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசல், குறைந்தது 1,000 மணி நேரம். இங்கேதான் ஒரு தில்லுமுல்லு. பூச்சடித்த சிறு தகட்டைச் சோதித்து அந்தச் சான்றை நீட்டுவார்கள். "திருகு, கிளாண்டு பொருத்திய முழு விளக்கின் மீது செய்த சோதனை" என்று வாசகம் இருக்கட்டும். சோதனை முடிந்த பிறகும் ஐ.பி. 66 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) தேற வேண்டும் என்பதையும் சேருங்கள்.

வாட்டிலும் ஒரு விளையாட்டு உண்டு. சில்லின் வாட்டை எழுதி, டிரைவர் தின்கிற வாட்டை விட்டுவிடுவார்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் எல்.எம். 79 அறிக்கையில் (விளக்கின் வாட்டையும் லூமெனையும் அளக்கும் சோதனை) உள்ள மொத்த வாட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மின்னெழுச்சித் தாங்குதிறன் 10 கிலோ வோல்ட். டிரைவர் முழுக்கப் பிசின் ஊற்றி மூடியது, தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது.

கம்பத்தை மறந்துவிடாதீர்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பத்துக்கு ஐ.எஸ். 4759-படி 5 மி.மீ.-யும் அதற்கு மேலும் தடிமன் உள்ள எஃகில் சதுர மீட்டருக்கு 610 கிராம் நாகம், அதாவது 85 மைக்ரான் சொச்சம். பூச்சின் தடிமனை அளக்கும் மீட்டரை விலை கொடுத்து வாங்க வேண்டாம், இறக்கும்போது ஆய்வுக்கு வருகிறவர் கொண்டுவரட்டும். அடித்தட்டைத் தரைமட்டத்தில் வைத்துச் சிமென்ட் பூசி மூடுவது நம் ஊர்ப் பழக்கம். அதற்குள் தண்ணீர் தேங்கிப் போல்ட் அறுந்துவிடும். பீடத்தைத் தரைக்கு மேல் 30 செ.மீ. எழுப்பி, மேல்பரப்பை வெளிப்பக்கம் சரித்து விடுங்கள்.

பீடத்துக் கான்கிரீட் ஐ.எஸ். 456-இல் "கடுமையான சூழல்" வகை: எம் 30, நீர்-சிமென்ட் விகிதம் 0.45, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், கம்பிக்கு 45 மி.மீ. மூடல். அலைத் தெறிப்பு படுகிற இடமானால் எம் 35, 340 கிலோ, 50 மி.மீ. சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது கசடு கலந்த சிமென்ட் போடச் சொல்லுங்கள். உப்பு உள்ளே ஊடுருவுவதும் குறையும், கிளிங்கரும் (சிமென்டுக்காகச் சூளையில் சுடும் கட்டி) குறையும். கலக்குகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரையோரத்து போர்த் தண்ணீர் பல இடங்களில் தாண்டும். சோதித்த பிறகு ஊற்றுங்கள்.

பங்குனி_ஆமை

அந்த 32 விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நம் மன்னார் வளைகுடாக் கரை மணலில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடுகிற காலம் ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. குஞ்சு வெளிவர 45 முதல் 55 நாள், ஆகவே மே மாதத்தையும் கணக்கில் வையுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ஆனால் கண்ணில் படாத கூடும் உண்டு. குஞ்சு இரவில் வெளியே வந்ததும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் போகும். சாலையில் வெள்ளை விளக்கு எரிந்தால் கடலுக்கு முதுகு காட்டித் தார்ச்சாலைக்கு ஏறும். ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் இதை விருப்பப்பட்டால் செய்கிற காரியமாக எழுதாதீர்கள்.

அந்த 32-க்கு மட்டும்: 560 நானோமீட்டருக்குக் கீழே ஒளி இல்லாத அம்பர் எல்.இ.டி. மேல்நோக்கிய ஒளி பூஜ்யம். கடல் பக்கம் மறைப்புத் தகடு. கம்பம் 9 மீட்டர் வேண்டாம், 5 அல்லது 6 மீட்டர் போதும். இரவு 10-க்கு மேல் பாதியாக மங்கும் வசதி.

"வார்ம் ஒயிட்" கொடுத்துவிட்டு அம்பர் என்பார்கள். மஞ்சளாகத் தெரிந்தால் போதாது, 2,700 கெல்வின் விளக்கிலும் நீல ஒளி உண்டு. நிறமாலை வரைபடம் கேளுங்கள். ஏற்பு வாசகம் இப்படி இருக்கலாம்: "நிலவில்லாத இரவில், உயர் ஓத நீர்க்கோட்டில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது எந்த விளக்கின் ஒளிமூலமும் நேராகத் தெரியக்கூடாது." மணலில் மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அர்த்தமில்லை.

தென்கடல்

நன்றி. ஒரு சந்தேகம். அம்பரில் ஒரு வாட்டுக்கு லூமென் குறைவாகத்தானே வரும்? கணக்குப்பிள்ளை சொன்ன சூத்திரத்தில் போட்டால் வெள்ளை ஜெயித்துவிடாதா? தனி டெண்டராகப் பிரித்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை

பிரிக்காதீர்கள். டெண்டர் பண வரம்பைத் தவிர்க்கப் பிரித்தார்கள் என்று ஒரு பத்தி தணிக்கை அறிக்கையில் ஏறும். ஒரே டெண்டர், இரண்டு அட்டவணை. 'அ' அட்டவணை 108 வெள்ளை விளக்கு, 'ஆ' அட்டவணை 32 அம்பர். ஒவ்வொன்றுக்கும் தனி எல்-1 என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அம்பருக்குக் குறைந்தபட்ச லூமெனையும் தனியாகக் குறையுங்கள். சாலையில் விழுகிற லக்ஸ் அளவைத்தான் கேட்க வேண்டும், வெள்ளைக்குப் போட்ட எண்ணைத் தூக்கிப் போட்டால் ஒருவரும் தேறமாட்டார்கள்.

சக்கரம்

பேட்டரி வண்டிக்கு வருகிறேன். உள்ளாட்சிகளில் ஓரம் கட்டி நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பச்சை பூத்த ஒரு கனெக்டர், இல்லாவிட்டால் 400 ரூபாய் த்ராட்டில் (வேகம் கூட்டும் பிடி). சாமான் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் சார்ஜ் ஏற்றாமல் விட்ட பேட்டரி செத்திருக்கும். அத்தோடு வண்டி முடிந்தது.

பேட்டரி: லெட் ஆசிட் விலை குறைவு, ஆனால் தினமும் அடிமட்டம் வரை இறக்கி ஏற்றினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட், ஐ.பி. 67 பெட்டி, ஏ.ஐ.எஸ். 156 சான்று (வண்டிப் பேட்டரியின் பாதுகாப்புச் சோதனை) என்று கேளுங்கள். கிலோவாட்-மணியை நீங்களே முடிவு செய்து எழுதாமல், "300 கிலோ சுமையோடு, மணல் படிந்த உள்சாலையில், 40 இடங்களில் நின்று புறப்பட்டு, ஒரே சார்ஜில் 35 கி.மீ." என்று வேலையாக எழுதுங்கள். ஏற்கும் நாளில் உங்கள் தெருவிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மணலில் சக்கரம் சுழன்று புதைவதுதான் இங்கே முதல் புகாராக வரும், அதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது.

உடல்: மைல்டு ஸ்டீல் தொட்டி வேண்டாம். குப்பைச் சாறும் உப்பும் சேர்ந்தால் வெல்டிங் ஓரத்திலிருந்து தின்னும், பெயின்ட் மேலே பளபளவென்றே இருக்கும். அடித்தளம் எஸ்.எஸ். 304 தகடு, அதில் சாறு இறங்க ஒரு வடிகுழாய், மேலே கழற்றி எடுக்கிற எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) தொட்டிகள், மட்குவதற்குப் பச்சை, மட்காததற்கு நீலம். கட்டுப்பாட்டுப் பெட்டி, கனெக்டர் எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வேண்டாம், கழுவும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உப்புத் தண்ணீரில் வண்டி கழுவுகிற பழக்கம் இருந்தால் மேலே சொன்னது எதுவும் நிற்காது. கழுவும் இடத்துக்கு நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றையும் இதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

விலைத்தாளில் இரண்டு கட்டாய வரிகள்: மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்த விலை, பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் விலை. இரண்டையும் கூட்டிக் கழித்தே எல்-1. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 தயாரிப்பாளர் மேல் பொறுப்பை வைக்கிறது. ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் அது ஆக்கர் கடைக்குத்தான் போகும். ஒப்படைத்த ரசீது இருப்புப் பதிவேட்டில் ஒட்டப்பட வேண்டும். 6 வண்டிக்கு உதிரி: கட்டுப்பாட்டுப் பெட்டி 1, த்ராட்டில் 3, சார்ஜர் 1, பிரேக் ஷூ 6 ஜோடி. வண்டியோடு சேர்ந்தே வர வேண்டும், அப்புறம் அனுப்புகிறேன் என்பதை ஏற்காதீர்கள்.

பனைக்காடு

மூன்றாவதில் பெரிய தப்பு பையில்தான் நடக்கும். பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, துணி மாதிரி இருக்கிற நெய்யாத பையை, அதான் 'நான் ஓவன்' பையை, வாங்கிவிடுவார்கள். அது பாலிப்ரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான். 25.06.2018 அரசாணை 84-படி 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை. அதே பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளர், காகிதத் தட்டு, சாப்பாட்டு மேசை விரிப்பு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் இருக்கிறது. "பேப்பர் கப்" என்று கொட்டேஷன் வந்தால் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், படலம் உரிந்து வரும்.

"மட்கும் பை" என்று வருவதிலும் ஏமாறாதீர்கள். ஐ.எஸ். 17088 சோதனை 58 டிகிரி வெப்பத்தில் உரக்கூடச் சூழலில் நடப்பது. நம் கடற்கரையில் காற்றில் பறந்து கடலில் விழுந்த பை அந்தச் சூட்டைப் பார்க்கப்போவதில்லை. கூட்டம் கலையும்போது காற்று கடலுக்கு அள்ளிப்போகிற இடத்தில் அந்தச் சான்றுக்கு மதிப்பு குறைவு.

இங்கேயே கிடைக்கிற பொருள் ஓலைக் கொட்டான். மகளிர் குழுக்களிடம் வாங்கலாம். "பனையோலைப் பெட்டி" என்று ஒரு வரியில் விட்டால் ஆளுக்கொரு அளவில் வரும். வாய் 12 செ.மீ., உயரம் 8 செ.மீ., விளிம்பு இரட்டைப் பின்னல், சாயம் இல்லாதது, குருத்தோலை என்று எழுதி, இரண்டு மாதிரியில் முத்திரை வைத்து ஒன்றைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். ஈரப் பிரசாதமானால் உள்ளே வாழையிலைத் துண்டு.

ஆடி அமாவாசைக்குச் சிக்கல் இல்லை, வெயில் காலம். தை அமாவாசைக்குத்தான் கவனம். வாடை மழையில் காய்ந்தும் காயாத ஓலையில் பின்னினால் பத்தே நாளில் கறுப்புப் பூஞ்சை புள்ளி வைக்கும். ஓலையைப் புரட்டாசிக்கு முன்பே வெட்டிக் காயவைக்கச் சொல்லி முன்பணம் கொடுங்கள். பெட்டிகளைச் சாக்கில் வையுங்கள், பிளாஸ்டிக் கோணியில் வேண்டாம். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்து வெட்டினால் மரம் தேறாது. ஆகவே 10,000 வேண்டுமானால் ஒரே ஊரில் கேட்காமல் நான்கைந்து குழுக்களுக்குப் பிரியுங்கள்.

தண்ணீருக்கு டம்ளரே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. அழுத்தினால் மட்டும் வரும் குழாய் வைத்த தொட்டி, பக்கத்தில் கழுவும் தொட்டியோடு எவர்சில்வர் டம்ளர். கழுவ ஆள் கூலியையும் மதிப்பீட்டில் போடுங்கள். அது விட்டுப்போனால் மதியத்துக்குள் யாரோ பேப்பர் கப் கட்டை அவிழ்த்துவிடுவார்கள்.

தென்கடல்

விளக்கு வந்து இறங்கியதும் என்ன செய்வது? சான்றில் காட்டிய விளக்கும் வந்த விளக்கும் ஒன்றுதானா என்று எப்படித் தெரியும்?

உப்பளத்தான்

தொழில்நுட்ப உறையோடு ஒரு மாதிரி விளக்கு வாங்கி, பூட்டி முத்திரை வைத்துவிடுங்கள். சரக்கு இறங்கியதும் பெட்டி எண்களைச் சீட்டுக் குலுக்கி, வெள்ளையில் மூன்று, அம்பரில் இரண்டு எடுத்து, நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். விற்பவர் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. கட்டணம் யார் மேல் என்பதை டெண்டரிலேயே சொல்லுங்கள். வாட் 5 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ, லூமென் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ முழுத் தொகுதியும் திரும்பும்.

ஒரு விளக்கைத் திறந்து திருகில் காந்தம் வையுங்கள். ஒட்டிக்கொண்டு தூக்கினால் அது 316 இல்லை. ஒட்டாவிட்டால் 316 என்று நம்பிவிடவும் வேண்டாம், 304-ம் ஒட்டாது. மாலிப்டினம் காட்டும் சொட்டு மருந்து கிடைக்கிறது, ஒரு சொட்டு போதும்.

பணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, 5-ஐ முதல் கச்சான் காலம் முடிந்து மூடி திறந்து பார்த்த பிறகும், மீதி 5-ஐ உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் விடுவிப்பது என்று எழுதுங்கள். ஏழு வருட உத்தரவாதம் என்று காகிதத்தில் போட்டவர் பலரும் இந்த வரியைப் பார்த்ததும் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே ஐந்தாகக் குறைக்க முடியுமா என்று கேட்பார்கள். கேட்டால் குறைக்காதீர்கள்.